செம்பூருக்குப் போன அட்டையில்லாத நாவல்

மேசைக்கு முன்னால் ஒருவர் வந்து நின்று, “நல்ல நாவலா ஒண்ணு குடுங்களேன்” என்று கேட்டவுடன் உங்கள் வாயில் ஒரு பெயர் வந்து நிற்கிறது. நூலக வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலரிடமும் அதைக் கவனித்தேன். பேச வரச் சொன்னீர்கள் என்று வந்தவள், சற்று முன்னதாகவே வந்து ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். கேட்பவர் கேட்டு முடிப்பதற்குள் புத்தகம் அவர் கைக்குப் போய்விடுகிறது. நல்ல புத்தகங்கள்தான், உங்களுக்குப் பிடித்தவை. குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

புத்தகத்துக்கு எண் போடுவது, அடுக்குவது, கிழிந்ததை ஒட்டுவது எல்லாம் தானாகக் கைக்கு வந்துவிடும். அதற்கு நான் வந்து பேச வேண்டியதில்லை. ஒருவருக்கு அடுத்த நாவலை எடுத்துக் கொடுப்பது வேறு சமாசாரம். அதை எனக்குப் புரிய வைத்த ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மாட்டுங்கா லேபர் கேம்பில் பலசரக்குக் கடை போட்டவர். எனக்குக் கடையில் உட்காரப் பிடிக்கவில்லை. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் தமிழ் நாவல்களை வாடகைக்குக் கொடுக்கும் ஒரு சின்ன நூலகம் இருந்தது. அங்கே வேலை கேட்டேன், கிடைத்தது. காலையில் மேசை. மதியத்துக்கு மேல் பெரிய துணிப் பையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு பஸ் ஏறி, செம்பூர், சயான், தாராவி என்று வீடு வீடாகப் போய்க் கொடுத்து, படித்து முடித்ததை வாங்கி வர வேண்டும். “பொம்பளப் புள்ள மூட்டை தூக்கிக்கிட்டு ஊர் சுத்துது” என்று லேபர் கேம்பில் பேசினார்கள். பேசியவர்கள் வீட்டுப் பெண்களே பிறகு என் பைக்காக வாசலில் காத்திருந்தார்கள் என்பது தனிக் கதை.

செம்பூரில் ராஜகோபால் என்று ஒரு வாசகர். ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு. மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. காலேஜில் படிக்கும் ஒரே மகள் உமா. அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். ராஜகோபால் சார் எங்கள் நூலகத்தின் பழைய வாசகர், எல்லோரும் பயப்படுகிற வாசகர். யாருடைய சிபாரிசையும் ஏற்க மாட்டார். “இது நல்லா இருக்கும் சார்” என்று யாராவது வாய் திறந்தால், “நல்லா இருக்கா இல்லையான்னு நான் சொல்லிக்கறேன். நான் கேட்டதை எடு” என்பார். எழுத்தாளர் பெயரைச் சொல்லித்தான் கேட்பார். அட்டையைப் பார்ப்பார், பதிப்பாளர் பெயரைப் பார்ப்பார், பிறகுதான் பையில் வைப்பார்.

அவருக்கு ஒரு கண்தான் தெரியும். இன்னொரு கண் சில வருடங்களுக்கு முன் ஆபரேஷனுக்குப் பிறகு போய்விட்டது. கட்டோடு அசையாமல் படுத்திருக்கச் சொன்னார்களாம். இவருக்குப் பொறுமை இல்லை. மகள் ஸ்கூலுக்குப் போயிருந்த நேரத்தில் எழுந்து, குனிந்து கட்டிலுக்கு அடியில் எதையோ தேடினாராம். அதோடு அந்தக் கண்ணில் வெளிச்சம் போயிற்று. இப்போது மிச்சமிருந்த கண்ணிலும் ஆபரேஷன்.

அந்தக் காலத்தில் கண் ஆபரேஷன் என்றால் இன்றைக்கு மாதிரி மதியமே வீட்டுக்கு நடந்து வருகிற விஷயம் இல்லை. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டிலும் இரண்டு கண்ணும் கட்டியிருக்க வேண்டும். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை. திரும்பக் கூடாது, தும்மக் கூடாது, கோபப்படக்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். கடைசியாகச் சொன்னதுதான் அவருக்குக் கஷ்டம்.

ஆபரேஷனுக்கு முன்பே நூலகத்துக்கு வந்து ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தார். “ராஜா ராணிக் கதை, பெரிசா, பாகம் பாகமா வந்ததே, அதைக் கொண்டு போய் வீட்ல குடு. உமா வாசிப்பா. நான் கேட்டுண்டு படுத்திருப்பேன்.” கேட்டதையே கொடுத்தேன். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. படுத்திருக்கும் மனிதருக்கு நீளமான கதை நல்லதுதானே.

அடுத்த முறை செம்பூர் போனபோது, வாசலுக்கு வருவதற்கு முன்பே சத்தம் கேட்டது.

“எழுத்தைப் பார்த்து வாசி! ழகரம் வராதா உனக்கு?”

“அப்பா, இவ்ளோ லம்பா ஒரு வார்த்தை போட்டிருக்கான். எங்க நிறுத்தறதுன்னே தெரியலை.”

“‘கரிபரிவாரங்களோடெழுந்தருளினான்.’ இதுல என்ன கஷ்டம்? எங்க, திருப்பிச் சொல்லு!”

“கரி… பரிவா…”

“ஐயோ! குடு இப்படி!”

நான் உள்ளே நுழைந்த நேரம், கண் கட்டோடு அந்த மனிதர் புத்தகத்தைப் பிடுங்கக் கையை நீட்டித் தலையைத் தலையணையிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்து மணல் பை சரிந்து தரையில் விழுந்தது.

“சார்! தலை!” என்று கத்திக்கொண்டே ஓடிப் போய் அவர் தோளை அழுத்தினேன். பையைக் கீழே போட்டதில் புத்தகங்கள் சிதறின. அவர் மெதுவாகத் தலையைச் சாய்த்தார். மூச்சு வாங்கியது.

உமா நாவலைக் கட்டிலில் வீசினாள். “மேரேசே நஹி ஹோகா! என்னால ஆகாது! போதும்!” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

என்ன செய்வது என்று யோசிக்க நேரமில்லை. காலியான நாற்காலியில் உட்கார்ந்து அவள் விட்ட இடத்திலிருந்து நானே வாசித்தேன். எனக்குத் தடங்கல் இல்லாமல் வரும். ஒரு பக்கம் போவதற்குள் அவர் மூச்சு சீரானது. கையைத் தொடையோரம் வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டார். அத்தியாயம் முடிந்ததும், “நாளைக்கும் நீயே வாம்மா. உங்க முதலாளிகிட்ட நான் சொல்றேன்” என்றார்.

ஒத்துக்கொண்டிருப்பேன். உண்மையாகவே எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் நிமிர்ந்தபோது அடுக்களை நிலைப்படியில் உமா நின்றிருந்தாள். அந்த முகத்தில் நிம்மதி இருந்தது. நிம்மதி மட்டும் இல்லை. தன் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிற முகம் அது.

வெளியே வந்தபோது அவளும் கூடவே வந்தாள்.

“நீங்க நல்லா வாசிக்கறீங்க, அக்கா. எனக்குத் தமிழ் அம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க. அவங்க போனப்புறம் விட்டுப் போச்சு. ஸ்கூல்ல, காலேஜ்ல எல்லாம் இங்கிலீஷ், ஹிந்திதான்.”

“பழகினா வந்துடும், உமா.”

“பழகறதுக்குள்ள அப்பா எழுந்துடுவாரு. போன தடவை கண்ணு போனப்ப நான் ஸ்கூல்ல இருந்தேன். இந்தத் தடவை நான் பக்கத்துல இருக்கும்போதே போயிடுச்சுன்னா?”

நான் வந்து வாசிப்பது எத்தனை நேரம்? மீதிப் பொழுது முழுவதும் அந்த அறையில் இருக்கப் போகிறவள் அவள். அந்த மனிதரைக் கட்டிலோடு கட்டிப்போட ஒரு நாவல் வேண்டும். அதை அவள் வாசிக்க வேண்டும். என்ன நாவல் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை மேசைக்கு வந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். “கண் ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறவருக்கு ஒரு நல்ல நாவல் சொல்லுங்களேன்.” ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பேங்க் அதிகாரி ஒருவர் வாழ்க்கையின் பொருளை விசாரிக்கும் கனமான நாவலைச் சொன்னார். அவருக்கு ரிட்டயர்மெண்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. வாலிபப் பையன் ஒருவன் முதலாளிகளை எதிர்த்துத் தொழிலாளிகள் எழும் கதையைச் சொன்னான். ஒரு மாமி நாத்தனார் கொடுமைக் கதை ஒன்றைச் சொல்லும்போதே கண் கலங்கினார். எல்லாம் மனதாரச் சொன்ன சிபாரிசுகள். ஆனால் ஒவ்வொருவரும் தனக்குத்தான் சொல்லிக்கொண்டார்கள். படுத்திருப்பவரைப் பற்றி ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை.

முதலாளி எரிச்சலோடு, “கேட்டதைக் குடுக்கறதுதான் நம்ம வேலை. ரெண்டாம் பாகத்தை எடுத்துண்டு போயேன். நீ என்ன டாக்டரா?” என்றார்.

அன்றைக்குத் தாராவி முறை. அங்கே சுலைகா வீட்டுக்குப் போனேன். என் வயதுதான் அவளுக்கு. ஊரும் எங்கள் பக்கம்தான். அவள் கணவர் தோல் பை செய்யும் பட்டறை வைத்திருந்தார். கீழே பட்டறை, மேலே வீடு. மதியம் சமையல் முடிந்ததும் வீட்டுப் பெண்களும் அக்கம்பக்கத்துப் பெண்களும் மேலே உட்கார்ந்து பைகளுக்கு உள்துணி ஒட்டுவார்கள். பசை வாசனைக்கு நடுவே சுலைகா அவர்களுக்கு நாவல் வாசிப்பாள். என் வாசகர்களில் அவளைப் போல் வேகமாகப் புத்தகம் முடிக்கிறவர்கள் இல்லை.

அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். அவள் எந்தப் புத்தகத்தின் பெயரையும் சொல்லவில்லை.

“யாரு வாசிக்கா?” என்றாள்.

“அவரு மவதான்.”

“புள்ளைக்குத் தமிழ் எம்புட்டு வரும்?”

“பேச்சு நல்லா வரும். வாசிக்கச் சொன்னா எழுத்துக் கூட்டுதா.”

“அப்ப நீ எதுக்கு செல்வி அவருக்குப் பொஸ்தவம் தேடுத? வாசிக்கவளுக்குல்லா தேடணும்?”

நான் முழித்தேன். சுலைகா பசைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“நானும் மொதல்ல எனக்குப் புடிச்சதத்தான் இவளுவளுக்கு வாசிச்சேன். பெரிய பெரிய வர்ணனை. என் நாக்கு எங்க தடுக்குதோ அங்க இவளுவ ஊர்க்கதை பேச ஆரம்பிச்சிருவாளுவ. கேக்கவுகளுக்குக் கதை புடிக்காம இல்ல. வாசிக்கவ தெணறுனா கேக்கவுகளுக்கும் மூச்சு முட்டுது. பேச்சாப் போற கதையா இருந்தா நாக்கு தன்னால போவும். வாசிக்கவளுக்குக் கதை உள்ள எறங்குச்சுன்னா கேக்கவுகளுக்கும் எறங்கிரும்.”

“அப்படி ஒண்ணு இருக்கா ஒங்கிட்ட?”

துணி ஒட்டிக்கொண்டிருந்த ஒருத்தி தலை நிமிராமலே, “அந்தக் கல்யாண வூட்டுக் கதையக் குடு, சுலைகா” என்றாள். அவ்வளவுதான். இன்னொருத்தி, “பாயசத்துல என்னத்த அள்ளிப் போட்டான் அந்த மனுசன்!” என்றாள். மூன்றாவதாக ஒருத்தி வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஒரு புத்தகத்தைப் பற்றி எத்தனையோ பேர் எவ்வளவோ புகழ்ந்து கேட்டிருக்கிறேன். பேச்சை எடுத்தவுடன் ஒரு அறை முழுக்கச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சுலைகா அலமாரியிலிருந்து அதை எடுத்து வந்தாள். அட்டை இல்லை. முதல் தாளும் இல்லை. ஊருக்குப் போய்த் திரும்பும்போது ரயிலடியில் வாங்கியதாம். கை மாறிக் கை மாறி நைந்திருந்தது.

“யாரு எழுதுனதுன்னு கேட்டுராத. எனக்கே தெரியாது. ரெண்டு சமையக்காரனுவ, ஒரே கல்யாண வூட்டுல மாட்டிக்கிட்டானுவ. மாப்பிள வூட்டாரு வந்த பாட்டைக் காணும். அம்புட்டுத்தான் கதை.”

அங்கிருந்து செம்பூருக்குப் பஸ்ஸில் போகும்போது புரட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே இரண்டு சமையல்காரர்களும் வாய்ச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னச் சின்ன வாக்கியம். எல்லாம் பேச்சு. நானும் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துவிட்டேன். சிரித்ததும் பயம் வந்தது. எழுத்தாளர் பெயர் தெரியாத, அட்டை கிழிந்த புத்தகத்தை ராஜகோபால் சாரிடம் எப்படி நீட்டுவது? அதைவிடப் பெரிய பயம், படுத்திருக்கிறவர் சிரித்துவிட்டால்? சிரித்தால் தலை அசையாதா? தும்மலுக்கே தடை போட்டிருக்கிறார்களே.

சயான் தாண்டும் வரை திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். இரண்டாம் பாகமும் என் பையில் இருந்தது. அதைக் கொடுத்தால் யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் கேட்டதைக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தரையில் விழுந்த மணல் பையை என் கண்ணால் பார்த்திருந்தேன். சிரிப்பில் தலை அசையுமோ அசையாதோ, கோபத்தில் அசையும் என்பது எனக்குத் தெரியும். ஒரு வேலையில் இரண்டு பக்கமும் ஆபத்து இருந்தால், நமக்குப் பாதுகாப்பானது எது என்று பார்க்காமல் எதிரில் இருப்பவருக்குப் பாதுகாப்பானது எது என்று பாருங்கள். அன்று நான் செய்த கணக்கு அவ்வளவுதான்.

உள்ளே போனதும் ராஜகோபால் சார் கேட்டார். “ரெண்டாம் பாகம் வந்துதா?”

“இருக்கு சார். ஆனா இன்னிக்கு வாசிக்கப் போறதில்ல. உமாவுக்கு வேற ஒரு புத்தகம் கொண்டு வந்திருக்கேன்.”

“அவளுக்கா? யார் எழுதினது?”

“தெரியாது சார். அட்டை இல்ல.”

“அட்டை இல்லாத புஸ்தகத்தை வச்சுண்டு நான் என்ன பண்ண?”

“உங்களுக்கு இல்ல சார். அவ தமிழ் பழகிக்கட்டும்னுதான். சத்தமா வாசிச்சாதான் நாக்கு பழகும். நீங்க கேக்க வேண்டாம். உங்க பாட்டுக்குப் படுத்திருங்க.”

“இந்த ரூம்ல சத்தமா வாசிச்சா என் காதுல விழாதா?”

“விழுந்தா விழட்டும் சார். ஆனா திருத்தக் கூடாது. இது அவ புத்தகம்.”

அவர் உதட்டைப் பிதுக்கினார். உமா என்னைப் பார்த்தாள். நாற்காலியைக் காட்டினேன். நான் தரையில் உட்கார்ந்தேன்.

முதல் பக்கத்தில் தடுமாறினாள். அவர் விரல்கள் போர்வையைப் பிடித்தன, ஆனால் வாய் திறக்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் சண்டை சூடு பிடித்தது. பேச்சு வந்ததும் அவள் குரல் மாறியது. எழுத்தை வாசிப்பதை விட்டுவிட்டு ஆட்களாகவே பேச ஆரம்பித்தாள். குண்டுச் சமையல்காரன் ஒல்லிக்காரனைப் பார்த்து, உன் ரசத்தில் மீன் விட்டால் அது நீந்தியே அக்கரைக்குப் போய்விடும் என்கிற இடம் வந்தது. பாதி வாக்கியத்தில் உமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த வார்த்தை வரவில்லை. புத்தகத்தை முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. “என்ன சிரிப்பு? முழுசா வாசிச்சுட்டுச் சிரி. ரசத்துக்கு என்ன?”

அவள் முழுசாக வாசித்தாள். அவர் உதடுகளை இறுக மூடிக்கொண்டார். வயிறு குலுங்கியது. நான் எழுந்துவிட்டேன். எனக்கு முன்னால் உமா போய், ஒரு கையால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையை அவர் நெற்றியில் வைத்து மெல்ல அழுத்தினாள். தலை அசையவில்லை. அவர் சிரித்து முடிக்கும் வரை அப்படியே பிடித்திருந்தாள். பிறகும் அந்தக் கையை எடுக்கவில்லை. அப்படியே நின்றுகொண்டு அடுத்த பக்கத்தை வாசித்தாள்.

நான் சத்தமில்லாமல் என் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை உமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு நாள் மதியம் அவளே கிங்ஸ் சர்க்கிள் வந்தாள். பக்கத்து வீட்டு அம்மாளை அப்பாவுக்குக் காவல் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

“அக்கா, புக் முடிஞ்சுடுச்சு. கட்டு அவிழ்க்க இன்னும் நாள் இருக்கு. அடுத்தது வேணும். ஜல்தி.”

“எப்படி இருந்தது?”

“ஒரு இடத்துல மாட்டிக்கிட்டோம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வராம, பொண்ணோட அம்மா ஸ்டோர் ரூம்ல தனியா உக்காந்து பூவைத் தண்ணி தெளிச்சுத் தெளிச்சு வைப்பாங்களே, அங்க எனக்கு வாசிக்க முடியலை. அப்பா திட்டுவாருன்னு நினைச்சேன். திட்டலை. ‘கொஞ்சம் நிறுத்து’ன்னு சொல்லிட்டு அவருக்கும் அம்மாவுக்கும் நடந்த கல்யாணத்தைப் பத்திச் சொன்னாரு. தாதர்ல மாலை வாங்கி, லோக்கல் டிரெயின்ல மேல் தட்டுல வச்சுட்டு, மாட்டுங்கா வந்ததும் சித்தப்பா அதை அப்படியே விட்டுட்டு இறங்கிட்டாராம். மாலை மட்டும் கல்யாண் வரைக்கும் போயிடுச்சாம். அம்மா மேடையில உக்காந்துக்கிட்டு சிரிப்பை அடக்க முடியாம திட்டு வாங்கினாங்களாம். இதெல்லாம் அவரு என்கிட்ட சொன்னதே இல்லை, அக்கா. அம்மா போனப்புறம் அம்மா பேரையே எடுக்க மாட்டாரு.”

என்னிடம் அடுத்த நாவல் தயாராக இல்லை. ஏதாவது ஒன்றை எடுத்துக் கொடுக்கக் கை பரபரத்தது. கொடுக்கவில்லை. தாராவிக்கு அழைத்துப் போனேன்.

சுலைகா அவளை உட்கார வைத்து, டீ கொடுத்து, முதலில் கேட்டது இதுதான். “எங்க சிரிச்ச? எங்க நிப்பாட்டுன?” உமா ஹிந்தியும் தமிழுமாகச் சொன்னாள். துணி ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். ஸ்டோர் ரூம் இடத்தைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. “எனக்கும் அங்கதான் வாசிப்பு நின்னுச்சு” என்றாள் சுலைகா. பிறகு, ஒரு விதவைத் தாயும் மகனும் ஒரு சின்ன ஓட்டல் நடத்துகிற நாவலைச் சொன்னாள். எங்கள் நூலக அலமாரியில்தான் அது இருந்தது. இத்தனை நாளும் என் கை அதன் பக்கம் போனதில்லை.

இரண்டாவது நாவல் ராஜகோபால் சாருக்குப் பிடிக்கவில்லை. இதையும் உங்களிடம் சொல்லத்தான் வேண்டும். மகன் செய்வது அத்தனையும் முட்டாள்தனம் என்றார். இல்லை, அந்த அம்மாதான் பிடிவாதம் என்று உமா சொன்னாள். அத்தியாயத்துக்கு அத்தியாயம் வாக்குவாதம். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே வாக்குவாதம் செய்தார். அடுத்த அத்தியாயத்தில் தன் கட்சிக்கு ஏதாவது சாட்சி கிடைக்குமா என்று அவசரப்படுத்தினார். சிபாரிசு செய்கிற புத்தகம் பிடித்தே ஆக வேண்டும் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். பிடிக்காத புத்தகமும் ஒரு வீட்டைப் பேச வைக்கும் என்று அப்போது தெரிந்தது.

கட்டு அவிழ்க்கும் நாளில் எனக்கு மேசையில் வேலை ஓடவில்லை. தப்பான புத்தகத்தை இரண்டு பேருக்கு மாற்றிக் கொடுத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாயங்காலம் உமா வந்தாள். படியேறும்போதே கையை ஆட்டினாள்.

“தெரியுது, அக்கா! டாக்டர் விரலைக் காட்டினார். அப்பா சரியாச் சொன்னாரு. அப்புறம் என்னைப் பார்த்து, ‘எளைச்சுட்டியே’ன்னாரு. அவ்ளோதான் பேசினாரு. ஆனா கொஞ்ச மாசத்துக்கு எதுவும் படிக்கக் கூடாதாம்.”

“அப்ப?”

“அப்ப என்ன, நான்தான்!”

முதலாளி கணக்கை எழுதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அவள் எடுத்துப் போன நாவலுக்கு அன்று மட்டும் வாடகை வாங்க மறந்துவிட்டார். மறக்கிற ஆள் இல்லை அவர்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஒருவர் உங்களிடம் நாவல் கேட்டால், அந்தப் புத்தகம் எந்த அறையில், எந்த நேரத்தில், யார் கையில் திறக்கப்படும் என்று யோசியுங்கள். தெரியாவிட்டால் கேளுங்கள். ‘எந்த மாதிரிக் கதை பிடிக்கும்’ என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. கடைசியாகப் படித்ததில் எங்கே சிரித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், சொல்லிவிடுவார்கள். உங்களுக்கே பதில் தெரியவில்லை என்றால் வெட்கப்படாமல் இன்னொரு வாசகரிடம் போங்கள். நான் கொடுத்த நல்ல நாவல்களில் பெரும்பாலானவை நான் கண்டுபிடித்தவை அல்ல. ஒரு வீட்டில் கேட்டு இன்னொரு வீட்டில் கொடுத்தவை. தோளில் பை மாட்டிக்கொண்டு அந்த வீடுகளுக்கு நடுவே போய் வந்தது மட்டும்தான் நான்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள் தகப்பனும் மகளும் சேர்ந்து நூலகத்துக்கு வந்தார்கள். அவர் தடிமனான புதுக் கண்ணாடி போட்டிருந்தார். படிக்க அனுமதி கிடைத்துவிட்டதாம். அலமாரிக்கு முன் வழக்கம்போல் கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஒரு பெரிய எழுத்தாளர் பெயரைச் சொன்னார். நான் எடுக்கத் திரும்பினேன்.

“அது வேண்டாம்ப்பா” என்றாள் உமா. “அதை நான் பார்த்தேன். பாதியில உங்களுக்குக் கோவம் வந்துடும்.” அவள் கீழ்த்தட்டில் குனிந்து, யாரும் தொடாமல் தூசி படிந்து கிடந்த ஒரு மெல்லிய நாவலை எடுத்து முந்தானையால் துடைத்தாள். “இதைப் பாருங்க. நேத்திக்கு சுலைகா அக்கா சொன்னாங்க. எனக்கும் உங்களுக்கும் ரெண்டு பேருக்கும் ஆகும்.”

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் எழுதினது என்று கேட்பார், புரட்டுவார், பதிப்பாளர் பெயரைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் அட்டையைக்கூடப் பார்க்கவில்லை. கையை நீட்டி வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“முதல்ல நான் படிப்பேன்” என்றார் மகளிடம். “நீ நடுவுல முடிவைச் சொல்லக் கூடாது.”